மன்லிகர்–ஷோனவர்: ஒரு வேட்டைத் துப்பாக்கியின் மரபுக் கணக்கு

பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்போரின் உலகில் அடிக்கடி புழங்கும் சொல் ‘மரபு’. இன்ன பட்டறையின் மரபு, இன்ன கைவினைஞரின் மரபு என்று விலைக்கு முன்பே அச்சொல் வந்து நிற்கும். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நகரில் பிறந்த மன்லிகர்–ஷோனவர் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் அச்சொல்லைத் தவிர்ப்பதே இல்லை. அத்துப்பாக்கி அதற்குத் தகுதியற்றது என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கு இணையான நேர்த்தியுடன் செய்யப்பட்ட கைக்கருவிகள் மிகச் சிலவே. ஆயினும் மரபு என்பது ஒரு கணக்கு. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விட்ட ஏடு கணக்கேடு ஆகாது. ஒரு பொருளின் மரபைச் சொல்ல முற்படுபவர், அது எவ்வளவு அழகாகச் செய்யப்பட்டது என்பதோடு, எவர் செய்தார், எவருக்காகச் செய்தார், எதன்மீது அது நீட்டப்பட்டது என்பவற்றையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. அழகின் கணக்கும் வன்முறையின் கணக்கும் ஒரே பக்கத்தில் வரும்போது ஆய்வாளர் என்ன செய்வது என்ற கேள்வியை இந்தத் துப்பாக்கி கூர்மையாக எழுப்புகிறது.

முதலில் பொருளைப் பார்க்கலாம். 1903-ஆம் ஆண்டு மாதிரியின் குழல் 450 மில்லிமீட்டர் நீளமே கொண்டது. துப்பாக்கியின் மொத்த எடை ஏறத்தாழ 3 கிலோ. குழலைத் தாங்கும் வால்நட் மரக்கட்டை பாதியில் நின்றுவிடாமல் குழலின் வாய்வரை செல்கிறது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ‘ஷ்டுட்சன்’ என்று அழைக்கப்படும் குட்டைத் துப்பாக்கியின் வடிவம் இது. செங்குத்தான பாறைகளில் ஏறும் வேட்டைக்காரருக்கு இரு கைகளும் வேண்டும். துப்பாக்கி முதுகில் தொங்கும். நீண்ட குழலானால் பாறையிலும் கிளையிலும் இடித்துக்கொண்டே இருக்கும். முழுநீளக் கட்டையோ குழல் கல்லில் உரசாமல் காக்கும். தோளில் பதியும் அடிப்பகுதியின் இரும்புத் தகட்டில் ஒரு சிறு கதவு உண்டு. அதனுள் துண்டுகளாகக் கழற்றிய துப்புரவுக் கம்பியும் கூடுதல் தோட்டாக்களும் இருக்கும். மலைமேல் நாள் முழுவதும் தனியே திரிபவரின் தேவைகளை எண்ணிப் பார்த்துச் செய்த ஏற்பாடுகள் இவை.

விசைகள் இரண்டு. பின்விசையை முதலில் அழுத்தினால் உள்ளே ஒரு வில் இறுகிக்கொள்ளும். அதன்பின் முன்விசையை விரல் நுனியால் தொட்டாலே குண்டு பாய்ந்துவிடும். பின்விசையைத் தொடாமல் விட்டால் முன்விசை வழக்கமான அழுத்தத்தில் இயங்கும். பள்ளத்தாக்கின் மறுபுறம் நிற்கும் மலையாட்டை மூச்சடக்கிக் குறிபார்க்க ஒரு முறை. புதரிலிருந்து திடீரெனப் பாயும் விலங்குக்கு மற்றொரு முறை. ஒரே கருவிக்குள் பொறுமைக்கும் அவசரத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

‘போல்ட்’ துப்பாக்கி இயங்கும் விதத்தைப் புரிந்துகொள்ள வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்தால் போதும். கைப்பிடியை மேலே திருப்பினால் பூட்டு விலகும். பின்னே இழுத்தால் சுடப்பட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா குழலின் அடிக்குள் நுழையும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் மீண்டும் பூட்டு. மன்லிகர்–ஷோனவரில் அந்தக் கைப்பிடி வெண்ணெய் தடவும் கத்தியைப் போலத் தட்டையானது. துப்பாக்கியின் உடலோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். தாழ் முன்னும் பின்னும் ஓடுவதில் உள்ள வழுவழுப்பைக் கையாண்டோர் பலரும் தவறாமல் குறிப்பிடுகின்றனர். அந்த வழுவழுப்பில் மாயம் ஏதும் இல்லை. உலோகத்தை உலோகத்தோடு பொருத்தி, உரசும் இடங்களைத் தேடித் தேடி இழைத்த கைகளின் உழைப்பே அது.

இத்துப்பாக்கியின் தனித்தன்மை தோட்டா அறையில் இருக்கிறது. அக்காலத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அடியிலுள்ள வில்லால் மேலே தள்ளப்படும். ஷோனவரின் அமைப்பில் அடுக்கு இல்லை. நூல் சுற்றும் கண்டைப் போன்ற ஓர் உருளை இருக்கிறது. உருளையின் பக்கங்களில் தோட்டாவின் வடிவத்துக்கேற்ற பள்ளங்கள். ஐந்து தோட்டாக்கள் அவற்றில் ஒன்றையொன்று உரசாமல் படுத்திருக்கும். சுருள்வில்லின் விசையால் உருளை சுழன்று, ஒவ்வொரு தோட்டாவையும் தாழின் வழிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். சுடாமல் மிஞ்சிய தோட்டாக்களை எடுக்க, தாழைத் திறந்து உள்ளே இருக்கும் சிறு பொத்தானை அழுத்தினால் போதும். அவை மேலெழுந்து வெளிவந்துவிடும். உருளையைக் கையிலெடுத்துச் சுழற்றிப் பார்ப்பவருக்கு அது ஆயுதத்தின் உறுப்பு என்பதைவிடக் கடிகாரத்தின் உறுப்பு என்றே தோன்றக்கூடும்.

இந்த நேர்த்திக்கு ஒரு விலை உண்டு. பள்ளங்கள் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்காகச் செதுக்கப்பட்டவை. வேறு வடிவத் தோட்டாவுக்கு வேறு உருளை வேண்டும். 1903 மாதிரி 6.5×54 மி.மீ. தோட்டாவுக்கானது. அதன் பின்னர் 1905-இல் 9×56, 1908-இல் 8×56, 1910-இல் 9.5×57 என்று ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு மாதிரி வந்தது. ஒன்றுக்கென்றே முழுமையாகப் பொருந்தச் செய்த எதுவும் மற்றொன்றுக்குப் பொருந்தாது. இத்துப்பாக்கியின் பெருமையும் பின்னாளில் அதற்கு நேர்ந்த முடிவும் இந்த ஒரே பண்பிலிருந்து கிளைத்தவை.

இனி ஊர். என்ஸ் ஆறும் ஸ்டெயர் ஆறும் கூடுமிடத்தில், மேல் ஆஸ்திரியாவில் அமைந்த பழைய நகரம் ஸ்டெயர். தெற்கே, ஸ்டைரியா மாநிலத்தில், இரும்பு மலை என்றே பெயர் பெற்ற எர்ட்ஸ்பெர்க் இருக்கிறது. அங்கு வெட்டிய தாது உருக்கப்பட்டு, இரும்பாக என்ஸ் பள்ளத்தாக்கின் வழியே ஸ்டெயருக்கு வந்து சேர்ந்தது. ஆற்று நீர் சம்மட்டிகளை இயக்கியது. மலைக்காடுகள் கரி தந்தன. கத்தி செய்வோரும் கருவி செய்வோரும் இடைக்காலத்திலிருந்தே அங்கு தொழில் நடத்தினர். நகரச் சதுக்கத்தில் இன்றும் நிற்கும் கோதிக் பாணி வீடுகள் இரும்பு வணிகத்தின் செல்வத்தில் எழுந்தவை. துப்பாக்கித் தொழில் அங்கே வானத்திலிருந்து குதிக்கவில்லை. பல தலைமுறைகளாக இரும்பின் குணமறிந்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. மரபின் முதல் பங்காளிகள் பெயர் தெரியாத சுரங்கத்தாரும் கரி சுட்டவர்களும் கொல்லர்களுமே.

அந்தக் கைத்தொழிலைப் பெருந்தொழிலாக மாற்றியவர் யோசெஃப் வெர்ன்டல் (1831–1889). தந்தை லெயோபோல்ட் துப்பாக்கி உறுப்புகள் செய்து விற்றவர். மகன் அமெரிக்காவுக்குச் சென்று, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க உறுப்புகளை இயந்திரங்களால் பெருமளவில் செய்யும் முறையைத் தொழிற்சாலைகளில் நேரில் கற்றுத் திரும்பினார். 1864-இல் ஸ்டெயரில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் வரலாறு அவருக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. 1866-இல் கோனிக்ரேட்ஸ் போர்க்களத்தில் ஆஸ்திரியப் படை பிரஷ்யாவிடம் தோற்றது. ஆஸ்திரிய வீரர்கள் குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இடித்துச் சுட்டுக்கொண்டிருக்க, பிரஷ்ய வீரர்கள் குழலின் அடிப்புறத்தில் தோட்டாவைச் செருகிப் படுத்தபடியே வேகமாகச் சுட்டனர். தோல்விக்குப் படைத்தலைமையின் பிழைகளும் காரணம் என்றாலும், துப்பாக்கியை மாற்றியே ஆகவேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. 1867-இல் வெர்ன்டலும் கரேல் ஹோலுபும் உருவாக்கிய அடிப்புறம் நிரப்பும் துப்பாக்கியை ஆஸ்திரிய–ஹங்கேரியப் படை ஏற்றுக்கொண்டது. 1869-இல் நிறுவனம் ஆஸ்திரிய ஆயுதத் தொழிற்சாலைச் சங்கம் என்ற பங்கு நிறுவனமாயிற்று.

வெர்ன்டல் தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டினார். நீச்சல் பள்ளி அமைத்தார். 1884-இல் நடந்த பொருட்காட்சியை ஒட்டி, நீர்விசையால் உண்டான மின்சாரத்தில் ஸ்டெயரின் தெருக்களில் விளக்குகள் எரிந்தன. ஐரோப்பாவில் மின்விளக்கு கண்ட முன்னோடி நகரங்களில் அதுவும் ஒன்று. அரசுகளின் ஆயுத ஆணைகள் வந்து குவியும்போது ஊர் நிரம்பும். ஆணைகள் வற்றும்போது ஆயிரக்கணக்கானோர் வேலையிழப்பர். ஒரு நகரத்தின் அடுப்பு எரிவதும் அணைவதும் தொலைதூரப் போர் அமைச்சகங்களின் கையெழுத்தைப் பொறுத்திருந்தது. வேட்டைத் துப்பாக்கி பிறந்தது இத்தகைய ஊரில்தான். அமைதிக்காலத்துக்கென ஒரு பண்டம் வேண்டும் என்ற தேவையை அங்கே எவரும் எளிதில் உணர்ந்திருப்பர்.

துப்பாக்கியின் பெயரில் முதலில் வருபவர் ஃபெர்டினான்ட் மன்லிகர் (1848–1904). அவர் தொழில்முறைத் துப்பாக்கிக் கொல்லர் அல்லர், ரயில்வே பொறியாளர். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குச் சென்றபோது அங்கிருந்த துப்பாக்கிகள் அவரைக் கவர்ந்தன. தோட்டாக்களைத் தகட்டுக் கவ்வியொன்றில் கொத்தாக அடுக்கி, கவ்வியோடு சேர்த்தே துப்பாக்கிக்குள் நுழைக்கும் முறை அவருடைய பெரும் பங்களிப்பு. வீரர் ஒவ்வொரு தோட்டாவாகச் செருக வேண்டிய நிலை அதனால் மாறியது. கைப்பிடியைத் திருப்பத் தேவையின்றி நேராக இழுத்து நேராகத் தள்ளும் தாழையும் அவர் வகுத்தார். அம்முறையில் அமைந்த 1895-ஆம் ஆண்டு ராணுவத் துப்பாக்கி முப்பது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டு, முதல் உலகப்போரில் ஹாப்ஸ்பர்க் படைகளின் தோளில் தொங்கியது.

பெயரில் இரண்டாவதாக வரும் ஓட்டோ ஷோனவர் ஸ்டெயர் தொழிற்சாலையின் உயர் பொறுப்பில் இருந்தவர். சுழல் தோட்டா அறை அவருடையது. தாழ் மன்லிகருடையது என்று சொல்வதே வழக்கம். ஆனால் அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 1888-இல் ஜெர்மானிய ராணுவ ஆணையம் உருவாக்கிய துப்பாக்கி மன்லிகரின் கவ்வி முறையை எடுத்துக்கொண்டது. பின்னர் வந்த மன்லிகர்–ஷோனவரின் தாழிலோ அந்த ஜெர்மானியத் துப்பாக்கியின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. கொடுத்தவர் பின்னர் பெற்றவராகவும் ஆகிறார். கண்டுபிடிப்பு என்பது ஒற்றைத் தந்தைக்குப் பிறந்த பிள்ளை என்ற எண்ணம் தொழில்நுட்ப வரலாற்றின் முன் நிற்பதில்லை. காப்புரிமைச் சட்டத்துக்குத் தனிமனிதப் பெயர்கள் தேவை. பட்டறைக்கு அவ்வாறு இல்லை.

பெயர்களின் பயணமும் விசித்திரமானது. வாய்வரை நீளும் மரக்கட்டையை ஆங்கிலம் பேசும் வேட்டையுலகம் இன்று ‘மன்லிகர் கட்டை’ என்றே சொல்கிறது. அந்த வடிவமோ ஆல்ப்ஸ் வேட்டைக்காரர்களின் பொதுச்சொத்து. மன்லிகர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் கண்டுபிடித்த கவ்வி முறையைக் கையாண்ட இத்தாலிய ராணுவத் துப்பாக்கி ‘மன்லிகர்–கார்கானோ’ என்று அமெரிக்காவில் பெயர்பெற்று, 1963-இல் அதிபர் கென்னடியின் கொலையை விசாரித்த ஆணையத்தின் அறிக்கையில் இடம்பிடித்தது. தமக்குச் சொந்தமில்லாத கட்டை வடிவத்தாலும், தாம் காணாத ஒரு கொலையாலும் மன்லிகரின் பெயர் உலகறிந்ததாயிற்று. உண்மையிலேயே புதிதான ஒன்றை அளித்த ஷோனவரின் பெயரைப் பேச்சுவழக்கு பெரும்பாலும் விழுங்கிவிட்டது. மரபு யாரை நினைவில் வைக்கிறது என்பதற்குத் தகுதி மட்டும் அளவுகோல் அன்று.

மன்லிகர்–ஷோனவரின் வடிவமைப்பு 1900-இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்டது. 1903-இல் கிரேக்க ராணுவம் அதைத் தன் துப்பாக்கியாக ஏற்றது. 1912–13 பால்கன் போர்களில் கிரேக்க வீரர்கள் ஏந்தியது இதையே. வேட்டைக்கான குட்டைத் துப்பாக்கியும் போருக்கான நீண்ட துப்பாக்கியும் ஒரே உருளையை, ஒரே 6.5 மி.மீ. தோட்டாவைப் பகிர்ந்துகொண்ட உடன்பிறப்புகள். வேட்டைத் துப்பாக்கியின் மரபை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பேசுவது, இரட்டையரில் ஒருவரை மட்டும் அழைத்து மற்றவர் பிறக்கவே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இதை வாங்கியவர் யார்? ஆஸ்திரியாவில் 1848 புரட்சிக்கு முன்வரை அயலார் நிலத்திலும் வேட்டையாடும் உரிமை பிரபுக்களிடம் இருந்தது. குடியானவரின் பயிரை மான் மேய்ந்தாலும் அதைத் தொட அவருக்கு உரிமை இல்லை. 1849-ஆம் ஆண்டின் அரசாணை வேட்டையுரிமையை நில உடைமையோடு இணைத்தது. ஆனால் தனி வேட்டைப்பகுதி வைத்துக்கொள்ள ஏறத்தாழ 115 ஹெக்டேர் தொடர்நிலம் வேண்டும். அதற்குக் குறைந்த நிலங்களில் வேட்டையுரிமை ஊராட்சியின் வழியே நிர்வகிக்கப்பட்டது. பிரபுவின் சலுகை ஒழிந்தது. பெருநிலக்காரரின் வாய்ப்பு தொடர்ந்தது. பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் கோடைதோறும் பாட் இஷல் என்ற மலையூரில் தங்கித் தோற்கால்சட்டை அணிந்து வேட்டையாடினார். அங்குள்ள அவருடைய மாளிகையின் சுவர்களில் மலையாட்டுக் கொம்புகள் இன்றும் வரிசையாகத் தொங்குகின்றன. 1914 ஜூலை 28 அன்று செர்பியாமீது போர் அறிவித்துத் தம் மக்களுக்கு அவர் விடுத்த அறிக்கையும் அதே மாளிகையிலிருந்தே வெளியாயிற்று. வேட்டையும் போரும் எவ்வளவு அருகருகே வாழ்ந்தன என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

உரிமையற்றவரும் வேட்டையாடினர். சட்டம் அவர்களைக் கள்ள வேட்டைக்காரர் என்றது. மலைக்கிராமத்துப் பாடல்கள் வீரர் என்றன. கோட்டுக்குள் மறைத்துக்கொள்ளும்படி குழலையும் கட்டையையும் தனித்தனியே கழற்றத்தக்க துப்பாக்கி அவர்களுடைய கருவி. முதல் உலகப்போர் முடிந்து பசி தலைவிரித்தாடிய 1919 மார்ச் மாதத்தில், ஸ்டெயர் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பகுதியைச் சேர்ந்த மோல்ன் என்ற ஊரில், கள்ள வேட்டைக்காரர்களுக்கும் காவல் படையினருக்கும் மூண்ட மோதலில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உலகின் சிறந்த வேட்டைத் துப்பாக்கிகளுள் ஒன்றைச் செய்த நகரத்துக்கு அண்மையிலேயே, ஒரு மானுக்காக மனிதர்கள் மடிந்தனர். இந்நிகழ்வும் அதே பள்ளத்தாக்கின் மரபுதான். ஆனால் வேலைப்பாட்டைப் போற்றும் நூல்களில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

ஐரோப்பாவுக்கு வெளியே இத்துப்பாக்கிக்குப் புகழ் தேடித் தந்தது ஆப்பிரிக்கா. ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். 40 கிராமுக்கும் மேல் எடையுள்ள குண்டுகளைச் சுடும் கனத்த துப்பாக்கிகளைப் பிறர் சுமந்தபோது, அவர் 6.5 மி.மீ. மன்லிகர்–ஷோனவரையும் 7 மி.மீ. மௌசரையும் பயன்படுத்தினார். 6.5 மி.மீ. குண்டின் எடை 10 கிராமைச் சற்றே தாண்டும். வேகம் நொடிக்கு 700 மீட்டர் அளவில். ஆனால் அது தன் தடிமனுக்கு மிக நீளமானது. ஒடுங்கிய பரப்பின் பின்னால் அதிக எடை திரண்டிருப்பதால் எலும்பைத் துளைத்து நேராகச் செல்லும். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எக்கோணத்தில் சுட்டால் மூளையை எட்டும் என்று பெல் கற்றுக்கொண்டார். இயற்பியலும் உடற்கூற்றியலும் பொறுமையும் கூடி ஒரு கொலைக்கலை உருவாயிற்று. அந்தத் தந்தங்கள் ஐரோப்பிய வரவேற்பறைகளின் பியானோ விசைகளாகவும் பில்லியர்ட்ஸ் பந்துகளாகவும் மாறிய காலம் அது.

இலக்கியத்திலும் இத்துப்பாக்கிக்கு இடமுண்டு. எர்னஸ்ட் ஹெமிங்வே 1936-இல் வெளியிட்ட, ஃபிரான்சிஸ் மகோம்பர் என்ற அமெரிக்கரைப் பற்றிய சிறுகதையின் முடிவில், பாய்ந்துவரும் காட்டெருமையை நோக்கி மனைவி சுடும் குண்டு கணவனின் தலையைத் துளைக்கிறது. அவள் கையில் இருப்பது 6.5 மி.மீ. மன்லிகர். தவறா, கொலையா என்று விமரிசகர்கள் இன்றும் வாதிடுகின்றனர். கனமில்லாத, பின்னுதைப்புக் குறைந்த, வாகனத்தில் எளிதாகச் சாத்தி வைக்கத்தக்க துப்பாக்கி அது என்பதை அறிந்த வாசகருக்கு, ஹெமிங்வே அதை அவள் அருகில் வைத்தது தற்செயலாகத் தோன்றாது. எளிதாகக் கைக்கு வரும் கருவி எவர் கைக்கும் எளிதாகவே வரும்.

தொழிற்சாலையின் கதை வேறு திசையில் நகர்ந்தது. அது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மிதிவண்டி செய்யத் தொடங்கியிருந்தது. அவ்வண்டியின் பெயரே ‘ஆயுத மிதிவண்டி’ எனப் பொருள்படுவது. 1919 உடன்படிக்கை ஆஸ்திரியாவின் ஆயுத உற்பத்தியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபின், ஹன்ஸ் லெட்விங்கா என்ற வடிவமைப்பாளரின் துணையோடு கார்கள் செய்யும் ஆலையாகவும் அது மாறியது. 1934-இல் ஸ்டெயர்–டைம்லர்–புக் என்ற பெருநிறுவனம் உருவானது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஸ்டெயரின் தொழிலாளர் குடியிருப்புகள்மீது அரசுப் படைகள் பீரங்கி கொண்டு தாக்கின. துப்பாக்கி செய்த ஊர், துப்பாக்கியின் முனையில் நின்ற நாள்கள் அவை.

அதைவிடக் கொடிய அத்தியாயம் 1938-க்குப் பின்னர் வந்தது. ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபின் அந்நிறுவனம் போர்த்தளவாட உற்பத்தியின் தூண்களில் ஒன்றாயிற்று. மௌத்ஹவுசன் வதைமுகாமின் கிளைமுகாம் ஒன்று 1942-இல் ஸ்டெயரின் ம்யூனிஹ்ஹோல்ஸ் பகுதியில் அமைக்கப்பட்டு, கைதிகள் ஆலை வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். பசியாலும் அடியாலும் பலர் மாண்டனர். 1945 மே மாதத்தில் அம்முகாம் விடுவிக்கப்பட்டது. வான்தாக்குதலுக்கு ஒளியக் கைதிகளைக் கொண்டு நகரின் அடியில் தோண்டிய சுரங்கம் ஒன்று 2013 முதல் நினைவுக் காட்சியகமாக இருக்கிறது. வெர்ன்டலின் சிலை நகரில் உயரமாக நிற்கிறது. கைதிகளின் நினைவு மண்ணுக்கடியில் இருக்கிறது. இரண்டையும் பார்க்காமல் ஸ்டெயரைப் பார்த்தோம் என்று எவரும் சொல்லிக்கொள்ள இயலாது.

போருக்குப் பின் 1950 முதல் வேட்டைத் துப்பாக்கியின் புதிய மாதிரிகள் வந்தன. அமெரிக்கச் சந்தையில் அவற்றுக்கு வரவேற்பு இருந்தது. ஆனால் காலம் மாறிவிட்டது. வேட்டைக்காரர்கள் பலரும் தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியை விரும்பினர். மன்லிகர்–ஷோனவரின் தாழ்க் கைப்பிடி, துப்பாக்கியின் மேற்பாலத்தைப் பிளந்துகொண்டு பின்னே செல்லும் அமைப்புடையது. வெறுங்கண்ணால் குறிபார்த்த நாளில் அது குறையன்று. தொலைநோக்கியைச் சரியாகப் பொருத்த முற்படும்போது அதுவே தடை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனி உருளை செய்வதும், உறுப்புகளைக் கையால் இழைத்துப் பொருத்துவதும் கூலி உயர்ந்த காலத்தில் கட்டுப்படியாகவில்லை. 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. அதைப் பழுதானது என்று எவரும் கைவிடவில்லை. தன் காலத்துக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் அடுத்த காலத்துக்கு இடங்கொடுக்க அதனால் முடியவில்லை.

ஆயினும் கருத்து சாகவில்லை. ஆஸ்திரிய ராணுவத்துக்காக ஸ்டெயர் உருவாக்கிய 1969-ஆம் ஆண்டின் குறிசுடும் துப்பாக்கியில் ஷோனவரின் சுழல் உருளை பிளாஸ்டிக் உருவில் மீண்டும் வந்தது. வேட்டைக்காகப் போற்றப்பட்ட நேர்த்தி, மனிதனைத் தொலைவிலிருந்து வீழ்த்தும் கருவிக்குள் குடிபுகுந்தது. நிறுவனமோ 2019-இல் தன் பெயரைச் சுருக்கிக்கொண்டபோது அதிலிருந்து மன்லிகர் என்ற சொல் விடுபட்டது. ஷோனவர் முன்பே மறக்கப்பட்டார். இப்போது மன்லிகரும் பெயர்ப்பலகையிலிருந்து இறங்கிவிட்டார். எஞ்சி நிற்பது ஊரின் பெயர் மட்டும். ஒருவகையில் அதுவே நியாயம். இரும்பும் ஆறும் ஆயிரக்கணக்கான கைகளும் அந்த ஊருக்கே உரியவை.

இத்தகைய பொருளை எழுதுவோர் இரண்டு எளிய வழிகளில் ஒன்றில் விழுந்துவிடுவதுண்டு. ஒன்று, வேலைப்பாட்டின் அழகில் மயங்கி, அது என்ன செய்தது என்பதை மறப்பது. மற்றொன்று, அது கொலைக்கருவி என்று முகம் திருப்பிக்கொண்டு, அதைச் செய்த கைகளின் அறிவையும் சேர்த்தே தள்ளிவிடுவது. முதல் வழி யானைகளையும் மோல்ன் ஊராரையும் முகாம் கைதிகளையும் இல்லாமலாக்குகிறது. இரண்டாம் வழி, உருளையின் பள்ளத்தை அணுவணுவாக இழைத்த தொழிலாளியை இல்லாமலாக்குகிறது. இருவகை மறதியும் உழைத்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் செய்யும் அநீதியே.

அருங்காட்சியகத்தில் இப்பொருளின் கீழே ஒட்டப்படும் சீட்டில் வடிவமைத்தவர், ஆண்டு, தோட்டாவின் அளவு என்ற மூன்று வரிகள் வழக்கமாக இருக்கும். நேர்மையான சீட்டுக்கு இன்னும் சில வரிகள் வேண்டும்: இரும்பு எந்த மலையிலிருந்து வந்தது, வேட்டையுரிமை யாரிடம் இருந்தது, அதே தோட்டா எந்தப் போர்களில் சுடப்பட்டது, அதே ஆலையில் யார் கட்டாயத்தின்பேரில் உழைத்தனர். அந்த வரிகளால் துப்பாக்கியின் அழகு குறைந்துவிடாது. தாழ் முன்போலவே வழுவழுப்பாகத்தான் ஓடும். அதைப் பிடித்துப் பார்ப்பவர் மட்டும், தாம் கையில் ஏந்தியிருப்பதன் எடை 3 கிலோவுக்கும் மேல் என்பதை உணர்வார்.